ஒரு வழக்கத்தால் வார்டு ஒழுங்காக ஓடுகிறது என்றால், அந்த வழக்கம் சரிதானா? (செயல்பாட்டுவாதம் பற்றி ஒரு சந்தேகம்)

இரவுப்பணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் 11 வருடமாகச் செவிலியர். இரண்டு வருடமாக அஞ்சல் வழியில் சமூகவியல் முதுகலை படிக்கிறேன். நைட் டியூட்டியில் வார்டு அடங்கிய பிறகுதான் புத்தகத்தைத் திறக்க முடியும். காம்ட், ஸ்பென்சர், துர்கைம் என்று சமூகவியலின் முன்னோடிகளை ஒரு வழியாகக் கடந்து வந்து இப்போது அமெரிக்கச் சமூகவியலாளர் பார்சன்ஸில் நிற்கிறேன். 'நோயாளி பாத்திரம்' பற்றி அவர் 1951இல் எழுதியதைப் படித்தபோது மனிதர் என் வார்டுக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது. நோயாளிக்கு வழக்கமான கடமைகளிலிருந்து விலக்கு உண்டு, நோய்க்காக அவரைக் குறை சொல்லக் கூடாது. பதிலுக்கு அவர் குணமாக விரும்ப வேண்டும், மருத்துவம் தெரிந்தவரோடு ஒத்துழைக்க வேண்டும். வருடக்கணக்காகச் சர்க்கரை நோயோடு இருப்பவருக்கு இது அப்படியே பொருந்தாது, சரி. ஆனாலும் சொன்னதில் உண்மை இருக்கிறது.

என் சந்தேகம் வேறு. இரண்டு சம்பவங்களைச் சொன்னால்தான் புரியும்.

டியூட்டி மாறும்போது கட்டில் கட்டிலாகப் போய் நின்று ஹேண்ட்ஓவர் கொடுப்போம். நோயாளி யார், இரவில் என்ன ஆனது, எந்த மருந்து பாக்கி, எல்லாவற்றையும் வாய்விட்டு வாசிப்போம். இதெல்லாம் கணினியிலேயே இருக்கிறதே, அரை மணி நேரம் வீணாகிறதே என்று நிர்வாகம் ஒரு சமயம் இதை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினோம். தகவல் எதுவும் விட்டுப்போகவில்லை. ஆனால் நான்கு மாதத்தில் புதிதாக வந்த பெண்களிடம் ஏதோ குறைவது தெரிந்தது. எங்கள் சீனியர் ஒருவர் ஹேண்ட்ஓவர் கேட்டுக்கொண்டே போர்வையை விலக்கி நோயாளியின் குதிகாலைத் தொட்டுப் பார்ப்பார். படுக்கைப்புண் அங்கேதான் ஓசையில்லாமல் ஆரம்பிக்கும். யாரும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை. அவர் கையைப் பார்த்துத்தான் நானும் தொட ஆரம்பித்தேன். இரவில் யாராவது இறந்திருந்தால் அந்தக் காலிக் கட்டில் முன்னாலும் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நகர்வோம். கணினியில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. கடைசியில் பழைய முறையே திரும்ப வந்தது. ஒவ்வொரு வழக்கமும் சமூக அமைப்பு நிலைக்க ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது என்று செயல்பாட்டுவாதம் சொல்வது எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் இரண்டாவது. எங்கள் வார்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஜூனியர், மற்றவர்கள் முன்னால் சீனியரையோ டாக்டரையோ கேள்வி கேட்கக் கூடாது. ஒரு மாலையில் கேஸ் ஷீட்டில் மருந்தின் அளவு எழுதியதில் புள்ளி இடம் மாறிவிட்டது. ஒன்றரை என்று இருக்க வேண்டியது பதினைந்து என்று இருந்தது. பணிக்கு வந்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண் அதைக் கவனித்துவிட்டாள். மெல்ல ஏதோ சொல்லப் பார்த்தாள். "எழுதியிருப்பதைக் கொடு" என்று பதில் வந்தது. சிரிஞ்சில் மருந்தை ஏற்றிவிட்டாள். கட்டிலருகே இருந்த இன்னொரு செவிலியர் சிரிஞ்சைப் பார்த்துத் தடுத்ததால் நோயாளி தப்பித்தார். அன்று இரவு படுக்கை விரிப்புகள் அடுக்கும் அறையில் அவள் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

கூட்டத்தில் இதை எடுத்துச் சொன்னேன். "இந்தக் கட்டுப்பாடு இல்லை என்றால் அவசர நேரத்தில் வார்டு சிதறிப்போகும்" என்றார்கள். என் புத்தகம் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதானே? ஒரு வழக்கம் நிலைத்திருக்கிறது என்றால் அது அமைப்புக்கு ஏதோ செய்கிறது என்று. முதல் சம்பவத்தில் கைதட்டிய கோட்பாட்டை இரண்டாவதில் நான் எப்படி மறுப்பது? ஒழுங்கு என்பது எல்லோரும் ஏற்ற விழுமியங்களால் நிற்கிறதா, பயத்தால் நிற்கிறதா? பாடத்தில் வரும் தத்துவவாதி ஹாப்ஸ் இதில் எங்கே வருகிறார்? தேர்வுக்காக மட்டும் கேட்கவில்லை.

பழைய வாத்தியார்:

அம்மா, குதிகால் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். 'மறை செயல்பாடு' என்றால் என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு, அமெரிக்கச் சமூகவியலாளர் மெர்ட்டன் எடுத்துக்காட்டிய, ஹோப்பி என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் மழைச் சடங்கைத்தான் வருடா வருடம் சொல்லி வந்தேன். சடங்கால் மழை வராது. ஆனால் சிதறிக் கிடக்கும் மக்கள் ஒன்றுகூடித் தாங்கள் ஒரு குழு என்பதை உணர்கிறார்கள். உங்கள் ஹேண்ட்ஓவர் அதைவிடத் தெளிவான உதாரணம். தகவல் சொல்வது அதன் வெளிப்படையான செயல்பாடு. புதியவர்களின் கண்ணையும் கையையும் பழக்குவது மறைவானது. யாரும் அதைத் திட்டமிடவில்லை, நின்றுபோனபோதுதான் தெரிந்தது.

ஹாப்ஸிலிருந்து தொடங்குகிறேன். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்து மனிதர் அவர். 'லெவியதான்' 1651இல் வந்தது. மனிதர்கள் தங்கள் ஆசைகளை மட்டும் துரத்தினால் ஒருவர் மேல் ஒருவர் பாய்வார்கள், வன்முறையும் ஏமாற்றும்தான் மிஞ்சும். ஆகவே எல்லோரும் தங்கள் உரிமையை ஓர் இறையாண்மையிடம் ஒப்படைத்து அடங்க வேண்டும் என்றார். பார்சன்ஸ் 1937இல் இதையே எடுத்துக்கொண்டு, இதுதான் சமூகக் கோட்பாட்டின் அடிப்படைச் சிக்கல் என்றார். தன்னலக் கணக்கு மட்டும் போடும் மனிதர்களிடமிருந்து ஒழுங்கு பிறக்காது. வாளுக்குப் பயந்து மட்டும் நீண்டநாள் வாழ்ந்த சமூகமும் இல்லை. எது வேண்டத்தக்கது, எந்த வழியில் அதைத் தேடலாம் என்பதில் பொதுவான நெறிகள் இருக்க வேண்டும், அவை மனிதருக்குள் இறங்கியிருக்க வேண்டும் என்பது அவர் பதில்.

இந்தப் பதிலின் வேர் துர்கைமிடம் இருக்கிறது. 1893இல் வந்த 'சமூகத்தில் வேலைப்பிரிவினை' என்ற புத்தகத்தில் அவர் ஒரு சின்ன விஷயத்தைக் காட்டினார்: இருவர் ஒப்பந்தம் போடுகிறார்கள் என்றால், ஒப்பந்தத்தை மதிக்க வேண்டும் என்ற நெறி அதற்கு முன்பே அங்கே இருக்கிறது. அந்த நெறியை ஒப்பந்தத்தால் உண்டாக்க முடியாது. சமூகமே ஒப்பந்தத்தில் பிறந்தது என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது சம்பவம். அந்தக் கூட்டத்தில் பேசியவர்கள் மூன்று கேள்விகளை ஒன்றாக்கிவிட்டார்கள். இந்த வழக்கம் எப்படி வந்தது? அது என்ன செய்கிறது? அது இருக்க வேண்டுமா? முதல் இரண்டையும் தனித்தனியாகத்தான் ஆராய வேண்டும் என்று துர்கைமே 1895இல் சொல்லிவிட்டார். ஒன்று பயன்படுகிறது என்று காட்டினால் அது ஏன் வந்தது என்று விளக்கியதாகாது. எந்தப் பயனும் இல்லாமல் வெறும் பழக்கத்தின் வலுவில் நிற்பவையும் உண்டு என்றார். மூன்றாவது கேள்வியோ அறம் சார்ந்தது. 'செயல்பாடு' என்ற சொல்லை எவ்வளவு பிழிந்தாலும் அதற்கு விடை சொட்டாது.

இதற்கு மேல் மெர்ட்டனிடம் போக வேண்டும். அவரும் செயல்பாட்டுவாதிதான், பார்சன்ஸிடம் பாடம் கேட்டவர். தமக்கு முந்தைய செயல்பாட்டுவாதத்தில் மூன்று ஊகங்கள் கேள்வியில்லாமல் ஒளிந்திருப்பதாக 1949இல் எழுதினார். ஒரு வழக்கம் சமூகம் முழுமைக்கும் நன்மை செய்கிறது என்பது முதல் ஊகம். உங்கள் வார்டில் அந்த மௌனம் யாருக்கு நன்மை? சீனியரின் மதிப்புக்கு நன்மை. நோயாளிக்கு ஆபத்து. ஜூனியருக்குத் துன்பம். ஆக, 'வார்டுக்கு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. நிலைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு நற்பயன் உண்டு என்பது இரண்டாவது. அதற்கு எதிராகத்தான் அவர் பிறழ்செயல்பாடு, அதாவது அமைப்புக்குக் கெடுதல் செய்யும் விளைவு, என்ற சொல்லை முன்வைத்தார். ஒரே வழக்கம் கட்டவும் செய்யும், உடைக்கவும் செய்யும், இரண்டையும் கூட்டிக்கழித்து மிஞ்சுவதைப் பார் என்றார். மூன்றாவதுதான் உங்களுக்கு மிக முக்கியம்: இந்த வேலையை இந்த வழக்கம்தான் செய்ய முடியும் என்ற ஊகம். அவசரத்தில் ஒரு குரலில் முடிவெடுப்பது தேவை என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு ஜூனியரின் வாயைப் பூட்டுவது ஒன்றுதான் வழியா? அதே வேலையை வேறொன்று செய்யலாம். அதற்கு அவர் தந்த பெயர் செயல்பாட்டு மாற்று.

நீங்கள் தேடிப் படிக்க வேண்டியவர் ஒருவர் உண்டு: இசபெல் மென்சீஸ். உளப்பகுப்பாய்வாளர். லண்டனில் ஒரு மருத்துவமனையின் செவிலியர் பணியைப் பற்றி 1960இல் எழுதினார். அங்கே நோயாளிகளைப் பெயர் சொல்லாமல் 'பத்தாம் கட்டில் ஈரல்' என்கிற மாதிரிக் குறிப்பிடுவார்கள். சாவுக்கும் வலிக்கும் பக்கத்திலேயே நிற்பவர்களின் பதற்றத்தை இப்படிப்பட்ட வழக்கங்கள் மூடி வைக்கின்றன என்று காட்டினார். செயல்பாடு இருக்கிறது, பாருங்கள். ஆனால் அதே வழக்கங்கள் பதற்றத்தைத் தீர்க்கவும் விடவில்லை; பயிற்சியை முடிக்காமலே விலகிய மாணவிகள் பலர். இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதினார். செயல்பாட்டு ஆய்வு இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

எதிர்க்கரை:

வாத்தியார் ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. மெர்ட்டனை வைத்துச் செயல்பாட்டுவாதத்தைக் காப்பாற்றிவிடுகிறீர்கள். ஆனால் அக்கா கேட்டது பயத்தைப் பற்றி. 'யாருக்குச் செயல்பாடு' என்று கேட்ட உடனேயே நாம் அதிகாரத்தைப் பேச ஆரம்பித்துவிட்டோம், அதற்கு வேறு ஆட்கள் தேவை.

அந்தப் பெண் ஏன் சிரிஞ்சில் மருந்தை ஏற்றினாள்? அந்த வழக்கத்தின் மேல் நம்பிக்கை வைத்தா? இரண்டு மாத வேலை, நிரந்தரமாகவில்லை, வீட்டில் அவள் சம்பளத்தை எதிர்பார்க்கிறவர்கள் இருக்கலாம். மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் இதற்கு ஒரு சொற்றொடர் வைத்திருக்கிறார்: பொருளாதார உறவுகளின் மௌனமான கட்டாயம். கம்பும் வேண்டாம், சம்மதமும் வேண்டாம். மாதக் கடைசி போதும். விழுமியமா வாளா என்று மட்டும் கேட்டால் நடுவில் இருக்கும் இந்தப் பெரிய நிலப்பரப்பு கண்ணுக்குத் தெரியாது. ஜெர்மன் சமூகவியலாளர் வெபரும் கீழ்ப்படிதலுக்குப் பழக்கம், ஆதாயம், அச்சம், நம்பிக்கை என்று பல வேர்கள் உண்டு என்று தெரிந்தவர்தான். அதனால்தான் அதிகாரம் தன்னை நியாயமானது என்று நம்பவைக்க எப்போதும் பாடுபடுகிறது என்றார். அந்தக் கூட்டத்தில் நடந்ததும் அதுதான் அக்கா. உங்கள் கேள்விக்கு வந்த பதிலை விளக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது தன்னை நியாயப்படுத்திக்கொள்ளும் அதிகாரத்தின் பேச்சு.

இன்னொன்று. 1945இல் டேவிஸ், மூர் என்ற இரண்டு செயல்பாட்டுவாதிகள், முக்கியமான பதவிகளுக்குத் தகுதியானவர்களைக் கொண்டுவரத்தான் ஏற்றத்தாழ்வு தேவைப்படுகிறது என்று எழுதினார்கள். டியூமின் என்ற சமூகவியலாளர் 1953இல் பதில் எழுதினார். அவர் சொன்னவற்றில் எனக்குப் பிடித்தது: ஏற்றத்தாழ்வு திறமையைக் கண்டுபிடிப்பதற்கே தடையாகிறது. உங்கள் வார்டில் அந்தப் புள்ளியைக் கண்டது யார் கண்? கடைசிப் படியில் நின்றவளுடையது. படிக்கட்டுதான் அந்தக் கண்ணை மூடச் சொன்னது.

மூன்றாம் தியேட்டர்:

சிஸ்டர், நான் அறுவைச் சிகிச்சை அரங்கில் வேலை செய்கிறேன். கோட்பாடு பெரிதாகத் தெரியாது. வாத்தியார் சொன்ன 'மாற்று' என்ற இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றியது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைச் சிகிச்சைக்கான பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 19 அம்சங்கள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி வெளியே போவதற்கு முன் என்று மூன்று இடத்தில் நிறுத்துவோம். கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரிய சர்ஜனும் சொல்வார், நேற்று வந்த பயிற்சிச் செவிலியரும் சொல்வார். ஆரம்பத்தில் எனக்கு இது கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டால் இரண்டாவது தடவை திறப்பது சுலபம், அதை நானே அனுபவித்திருக்கிறேன். ஒழுங்கு குலையவில்லை. கத்தியை எப்போது வைப்பது என்று இன்றைக்கும் சர்ஜன்தான் முடிவு செய்கிறார்.

இரவுப்பணி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு இரவுகளாக இந்தப் பதில்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

எதிர்க்கரை சொன்ன மௌனமான கட்டாயம் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் ஒப்பந்த அடிப்படையில்தான் வேலை செய்கிறாள். ஆனால் ஒன்றை மட்டும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை. அவளிடம் விழுமியம் இல்லாமலா அவள் அழுதாள்? நோயாளிக்குத் தீங்கு வரக் கூடாது என்பது அவளுக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. சீனியரிடமும் அது இருந்தது, அவர் கொடுமைக்காரர் இல்லை, எனக்குக் குதிகாலைத் தொடக் கற்றுத்தந்தவரே அவர்தான். அதை முதலில் எழுதக் கை வரவில்லை. எல்லோரிடமும் ஒரே விழுமியம் இருந்தும் அந்த மாலையில் நடந்தது அதற்கு நேர் எதிராக அல்லவா இருந்தது? பார்சன்ஸ் சொன்ன மாதிரி நெறி உள்ளே இறங்கியிருந்தால் நடத்தையும் அப்படியே வந்திருக்க வேண்டாமா?

பழைய வாத்தியார்:

இதே இடத்தில்தான் டென்னிஸ் ராங் என்ற சமூகவியலாளர் 1961இல் பார்சன்ஸை மடக்கினார். சமூகம் ஊட்டியதெல்லாம் மனிதருக்குள் போய் அப்படியே நடத்தையாக வெளிவரும் என்று நினைப்பது மனிதரை அளவுக்கு மீறிச் சமூகமயமாக்கிப் பார்ப்பது என்றார். நெறி உள்ளே இறங்குவது என்ற கருத்தை ஃபிராய்டிடமிருந்து வாங்கிக்கொண்டு, ஃபிராய்டின் முக்கியமான பாதியை விட்டுவிட்டீர்கள் என்பது அவர் புகார். நெறி உள்ளே இருப்பவர் அதன்படி நடப்பார் என்று உறுதி இல்லை. நடக்காதபோது அவர் குற்ற உணர்வில் வேகுவார் என்பதுதான் உறுதி. விரிப்பு அறையில் நீங்கள் பார்த்த அழுகை அதுதான் அம்மா.

எதிர்க்கரைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. பார்சன்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். அதிகாரம் அவரிடம் ரொம்பச் சாதுவாகத் தெரிகிறது. துர்கைமை மட்டும் அந்தப் பக்கம் தள்ளிவிடாதீர்கள். 1893 புத்தகத்தின் கடைசிப் பகுதியில் 'கட்டாய வேலைப்பிரிவினை' என்று ஓர் அத்தியாயம் உண்டு. மாணவர்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் தேர்வு வந்துவிடும், அதனால் பலர் படிப்பதே இல்லை. விதிகள் இருந்தால் மட்டும் போதாது, அந்த விதிகள் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்கிறார் அங்கே. பிறப்பாலேயே பணக்காரரும் ஏழையும் இருக்கும்வரை நியாயமற்ற ஒப்பந்தங்கள் இருக்கத்தான் செய்யும் என்கிறார். வலுக்கட்டாயத்தால் நிற்கும் ஒழுங்கை அவர் ஒருமைப்பாடு என்று சொல்லவில்லை, நோய்ப்பட்ட வடிவம் என்றார். ஆகவே, அம்மா, உங்கள் இரண்டாவது சம்பவத்தை மறுக்க நீங்கள் செயல்பாட்டுவாதத்தின் மூலவரைக் கைவிட வேண்டியதில்லை. அவர் உங்கள் பக்கம்தான் நிற்கிறார்.

தேர்வில் இந்த அத்தியாயத்தைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள்.

இரவுப்பணி:

அந்த அத்தியாயத்தை நேற்று இரவு படித்தேன் ஐயா. என் புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் மடிப்புக் கலையாமலே இருந்தன.

இன்று காலை ஹேண்ட்ஓவரில் சீனியரிடம் முன்பே சொல்லிவிட்டு அந்தப் பெண்ணை வாசிக்கச் சொன்னேன். குரல் முதலில் நடுங்கியது. ஏழாம் கட்டிலில் ஒரு மருந்தின் அளவை வாசித்துவிட்டு நிறுத்தினாள். மறுபடி வாசித்தாள். "இது சரியா என்று ஒரு தடவை பாருங்கள்" என்றாள், எல்லோர் முன்னாலும். சீனியர் கேஸ் ஷீட்டை வாங்கி, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அளவு சரியாகத்தான் இருந்தது. "சரிதான், அடுத்தது" என்றார். அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நகர்வதற்கு முன் போர்வையை விலக்கிக் குதிகாலைத் தொட்டுப் பார்த்தாள்.